கொழும்பில் இரண்டு நாள் நிற்கிறீர்களா? மாலையில் போய் உட்கார ஏற்ற இடங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற பலருடைய திட்டத்தில் கொழும்புக்கு இரண்டு நாள்தான். கட்டுநாயக்காவில் இறங்கி, வெள்ளவத்தையில் சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ பெட்டியை வைத்து, நித்திரை கொண்டு எழும்பி, யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏறிவிடுவோம். திரும்பி வரும்போது சாமான் வாங்க இன்னொரு நாள். அந்த இரண்டு மூன்று இரவுகளில் ஒன்றை மச்சான், மச்சாள்மாரோடு வெளியே போய் உட்காருவதற்கென்று ஒதுக்குங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு முன்னால் அவர்கள் "ஓம், சுகமா இருக்கிறம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வேலையில் என்ன பிரச்சினை, மனதில் யாரும் இருக்கிறார்களா, வெளிநாடு வர உண்மையிலேயே விருப்பமா என்பதெல்லாம் வீட்டுக்கு வெளியேதான் வாயில் வரும்.

அதற்காக நைட் கிளப்புக்குப் போகாதீர்கள். முதல் தடவை நான் அந்தப் பிழையைச் செய்தேன். பேஸ் சத்தத்தில் மேசையே அதிர்ந்தது. பத்து வருடம் காணாத மச்சானுடன் மூன்று மணிநேரம் இருந்தும் நாங்கள் பேசியது, காதுக்குள் கத்திய நாலு வசனம்தான். கொழும்பில் தேட வேண்டியது மொட்டைமாடி பார்களை. கடல் காற்று வரும், டீஜே ஒரு மூலையில் நின்று மெதுவாகப் போட்டுக்கொண்டிருப்பார், பத்து மணி வரைக்கும் குரலை உயர்த்தாமலே பேசலாம். ஆட விரும்புகிறவர்கள் அதற்குப் பிறகு ஆடலாம்.

லண்டன், ரொறன்ரோ பழக்கத்தில் இரவு பத்து மணிக்கு வெளிக்கிடாதீர்கள். கொழும்பில் வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். ஐந்தரைக்கே போனால் விளிம்போரத்து மேசை கிடைக்கும், வெக்கையும் குறைந்திருக்கும்.

பொழுதை காலி முகத்திடலில் தொடங்கச் சொல்வேன். திடலின் தெற்கு முனையில் இருக்கும் காலி முகத்திடல் ஹோட்டல் 1864இல் தொடங்கியது. கடலோரம் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முற்றம் இருக்கிறது. சூரியன் இறங்கும் நேரம் ஒருவர் பேக்பைப் ஊத, கொடியை இறக்குவார்கள். அங்கே டீஜே இல்லை, அலைச் சத்தம் போதும். ஒரு இஞ்சி பியரோடு அதைப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

வெள்ளவத்தையில், பம்பலப்பிட்டியில் தங்கியிருப்பவர்களுக்கு மிகவும் கிட்டிய இடம் ஆன் 14. முதலில் ஓசோ என்ற பெயரில் திறக்கப்பட்ட ஹோட்டலின் 14ஆம் மாடி, மரைன் டிரைவ் கரையில். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணம் அந்த ரயில் பாதை. கீழே வீதி, அதற்கு அப்பால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். கரையோர ரயில் போகும்போது பெட்டிகளின் மஞ்சள் வெளிச்சம் மட்டும் கோடாக ஓடும். நாங்கள் போன அன்று, கடைசியாக ஒன்பது வயதில் நான் கண்ட சித்தப்பாவின் மகன் அந்த ரயிலைக் கையால் காட்டி, "நான் தினமும் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போறது இதிலதான் அண்ணா" என்றான். பிறகு ஒரு மணிநேரம் அவனே பேசினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உயரம் பிடிக்குமென்றால் சினமன் ரெட் ஹோட்டலின் 26ஆம் மாடியில் கிளவுட் ரெட் இருக்கிறது. நகரத்தின் வெளிச்சம் நாலு பக்கமும் தெரியும். அந்த ஹோட்டல் நிற்கும் வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். 1877இல் கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர், சேர் முத்து குமாரசுவாமியின் மகன். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் கூட இருந்தால் பெயர்ப்பலகையைக் காட்டிச் சொல்லுங்கள்.

கோட்டைப் பக்கம் போனால் கிங்ஸ்பரி ஹோட்டலின் ஸ்கை லவுஞ்ச். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும், கடலை நிரப்பி எடுத்த துறைமுக நகரமும் மேலிருந்து தெரியும். டீஜே சத்தம் இங்கே கொஞ்சம் கூட, ஆகவே ஆட விருப்பமுள்ள கூட்டத்துக்கு ஏற்றது. நடந்து போகிற தூரத்தில்தான் பழைய டச்சு ஆஸ்பத்திரி. ஒல்லாந்தர் காலத்துத் தடித்த சுவரும் மரத்தூணும் உள்ள கட்டடம், 2011 கடைசியில் உணவகங்களும் பார்களுமாகத் திறந்தார்கள். நடு முற்றத்தில் கதிரை போட்டு உட்காரலாம். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மனம் ஒரு கணம் நின்றுதான் போகும். 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்தது இதே சுற்றாடலில். அந்தக் காலத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இந்த வீதிகளில் நடந்தவர்கள், பஸ்ஸில் தமிழ் கதைக்கும்போது குரலைத் தாழ்த்தியவர்கள் எங்களுடைய அப்பா, மாமாமார். இன்று அதே முற்றத்தில் எங்கள் மேசையில் தமிழில் சத்தமாகச் சிரித்தோம், பக்கத்து மேசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

மது விரும்பாதவர்களும் பகலில் வரக்கூடியவர்களும் இருந்தால், ஞாயிறு மதியம் காலி வீதியில் பெயார்புட் கடையின் தோட்டத்துக் கஃபேயில் ஜாஸ் வாசிப்பார்கள். மர நிழல், பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

என்ன குடிப்பது? இங்கே வந்து வெளிநாட்டு விஸ்கி கேட்காதீர்கள், வரி சேர்ந்து விலை ஏறியிருக்கும். தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் தென்னஞ்சாராயம்தான் நாட்டுச் சரக்கு. ஐஸ் போட்டு, எலிபன்ட் ஹவுஸ் இஞ்சி பியர் ஊற்றி, தேசிக்காய் பிழிந்து கேளுங்கள். நல்ல பார்களில் சாராயத்தை வைத்தே தனி கொக்டெயில் வகைகள் செய்கிறார்கள். எங்களுடைய பனஞ்சாராயம், வடமராட்சித் திக்கம் வடிசாலைக்காரருடைய சரக்கு, இந்தப் பார்களில் லேசில் கிடைக்காது. அதை ஊருக்குப் போய்த்தான் தேட வேண்டும். கொழும்புப் பெடியங்களின் வழக்கமான பியர் லயன்.

இரவு பதினொன்றுக்குப் பிறகு டீஜே பைலா போட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். போர்த்துக்கேயர் காலத்துச் சந்தத்திலிருந்து வந்த அந்த ஆறுக்கு எட்டுத் தாளம் தொடங்கினால் சிங்களவர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் எல்லாரும் எழும்புவார்கள். நீங்களும் எழும்புங்கள், காலடி ஒன்றும் கஷ்டமில்லை.

சரி, இனிக் கட்டாயம் கவனிக்க வேண்டியவை. முதலில் கலண்டரைப் பாருங்கள். ஒவ்வொரு பூரணை நாளும் போயா, அன்று நாடு முழுவதும் மது விற்பனை இல்லை. பியர் கூடக் கிடைக்காது. வெசாக்கில் ஒரு நாளோடு முடியாது. சித்திரை வருடப்பிறப்புக்கும், நத்தார் தினத்திலும் மதுக்கடைகளை மூடுவது வழக்கம், அன்றைக்கு ஹோட்டல்களில் எப்படி என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். டிசம்பர் லீவில் வருகிறவர்களுக்கு அந்த மாதத்துப் போயாவும் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மே 18ஐ ஒட்டிய நாட்களிலும் நவம்பர் 27ஐ ஒட்டிய நாட்களிலும் போரில் இறந்தவர்களை நினைத்து எங்கள் வீடுகளில் விளக்கேற்றுவார்கள். அந்த வாரத்தில் இப்படி வெளியே போவதைத் தவிர்த்துவிடுங்கள்.

வயது 21 ஆக இருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் ஒன்ராறியோவில் குடிக்கலாம் என்பது இங்கே செல்லாது, ஆகவே இளைய முகமுள்ளவர்கள் கடவுச்சீட்டை, குறைந்தது அதன் படத்தை வைத்திருங்கள். கனடாவில் சட்டபூர்வமான கஞ்சா இங்கே குற்றம். யாரும் நீட்டினால் தொடவே வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு அறிவித்தல் ஒன்று இருக்கிறது. 2018 ஜனவரியில் நிதியமைச்சு அதை நீக்கியது, சில நாட்களுக்குள் ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். ஹோட்டல் பார்களில் இதை ஒருவரும் பார்ப்பதில்லை, மரியாதையாகவே பரிமாறுவார்கள். ஆனால் சுப்பர்மார்க்கெட்டின் மதுப் பிரிவில் ஒரு போத்தலோடு காசாளரிடம் போனால் மறுக்கப்படலாம். என் மச்சாளுக்கு அப்படி நடந்து, முகம் சுண்டிப்போய் வந்தாள். இந்த விதி எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணம் 10 வீதமும் அதற்கு மேல் வற் வரி 18 வீதமும் சேரும். பட்டியலில் 3,000 ரூபாய் என்றால் கையிலிருந்து 3,894 ரூபாய் போகும். உங்களுக்குப் பவுண்ஸில் அது பெரிதாகத் தெரியாது. கூட வருகிற மச்சானுக்கு அது பெரிய காசு. யார் கட்டுவது என்று மேசையில் இழுபறிப்படாமல், போகும்போதே "இன்றைக்கு என்ரை" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டை அவன் வாங்கித் தரட்டும், அதற்கு மறுக்காதீர்கள்.

உடுப்பு விஷயத்தில் ஆண்கள்தான் கவனம். பாட்டாச் செருப்பும் அரைக் காற்சட்டையுமாகப் போனால் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

திரும்பி வர, பிக்மீ அல்லது ஊபர் செயலியை விமான நிலையத்தில் சிம் வாங்கியதும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் ஓட்டோவோடு நடுச்சாமத்தில் பேரம் பேசத் தேவையில்லை. கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர், அந்த நேரத்தில் வீதி காலியாக இருக்கும். வாடகைக் கார் எடுத்திருந்தாலும் அன்று வீட்டிலேயே விடுங்கள். அடுத்த நாள் விடிய யாழ்ப்பாண ரயிலுக்கு ஆசனம் பதிந்திருந்தால், அந்த இரவை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

வழியில் கொள்ளுப்பிட்டியில், காலி வீதியில் ஹோட்டல் டி பிலாவூஸ். நள்ளிரவு தாண்டியும் தகட்டில் கொத்து அடிக்கும் சத்தம் வீதிக்குக் கேட்கும். சீஸ் கொத்தும், ஐஸ் போட்ட மைலோவும் சொல்லுங்கள். ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும். வீட்டுச் சித்தியிடம் எத்தனை மணிக்கு வருவோம் என்பதை வெளிக்கிடும்போதே சொல்லி, கேற் சாவியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் விழித்திருப்பார். சாவி இல்லாத பிளாட் என்றால் கொத்தில் ஒன்றைக் கூடுதலாகப் பார்சல் கட்டச் சொல்லுங்கள், கேற் திறந்துவிடுகிற வோச்சருக்கு.