டீசல் லாரி என்ஜினின் உட்சேதம்: கண்டறிதலும் சீரமைப்பும்

என்ஜினுக்குள் பெரிய சேதம் நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததும் அதை மறுபடி இயக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்காகத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால், பாலிஷ் போட்டாலே போதும் என்றிருந்த கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) கிரைண்டிங்குக்கும், கிரைண்டிங்கில் தப்பியிருக்கக்கூடியது பழைய இரும்புக்கும் போய்ச் சேரும். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் சரியாக இருந்தும் என்ஜின் சுழலவில்லை என்றால் சிலிண்டரில் கூலன்ட்டோ டீசலோ தேங்கியிருக்கலாம். திரவம் அழுந்தாது என்பதால், வலிந்து சுழற்றினால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் சுற்றிப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

அடுத்து ஆயிலைப் பார்க்க வேண்டும். பல மணி நேரம் அசையாமல் நின்ற என்ஜினின் சம்ப்பில் (அடியில் ஆயில் தங்கும் தட்டு) உள்ள வடிகால் போல்ட்டை முழுவதும் எடுத்துவிடாமல் மெல்ல மெல்லத் தளர்த்தினால், ஆயிலைவிடக் கனமான கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கும் பட்சத்தில் அதுவே முதலில் சொட்டும். ஆயிலின் அளவு கூடி, அது நீர்த்து, டீசல் வாடை அடித்தால் எரிபொருள் கசிந்து கலக்கிறது என்று கொள்ளலாம். பிறகு ஃபில்டரை அறுத்துத் திறக்க வேண்டும். ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் அதன் துகள்களே உள்ளே விழுந்து குழப்பும் என்பதால் இதற்கென உள்ள கட்டரையே பயன்படுத்த வேண்டும். உள்ளிருக்கும் தாளை வெட்டியெடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, மடிப்பு மடிப்பாக விரித்து நல்ல வெளிச்சத்தில் காந்தத்தை ஓட்டிப் பார்க்கலாம். ஒட்டிக்கொள்பவை கியர், கேம், ரிங் போன்ற இரும்புப் பாகங்களின் துகள்கள். ஒட்டாத வெள்ளித் துகள்கள் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்தோ, கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி இரு பாதிகளாக அமையும் பேரிங்கின் மேற்பூச்சிலிருந்தோ வருபவை. செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து அடியிலுள்ள அடுக்கு வெளிப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அந்த நிலையில் சம்ப்பை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

துகள் ஏதும் இல்லையென்றால் மட்டுமே என்ஜினை இயக்கிச் சோதிக்கலாம். ஆயில் அழுத்தத்தை டாஷ்போர்டு காட்டுவதை நம்பாமல் தனி மீட்டர் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டராக எரிபொருளை நிறுத்தும்போது ஓரிடத்தில் தட்டல் குறைந்தாலும், அது பிக் எண்ட் பேரிங்கா (ராட் கிராங்க் ஷாஃப்டைப் பற்றும் முனையிலுள்ளது), அளவுக்கு மீறித் தெளிக்கும் இன்ஜெக்டரா என்பதை அந்தச் சோதனை ஒன்றே முடிவு செய்துவிடாது. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸின் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாயில் புகை மிகுந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் டர்போவின் சீலும் ஏர் பிரேக் கம்ப்ரஸரும்கூட கிராங்க் கேஸுக்குள் காற்றைத் தள்ளும். அவற்றை விலக்கிப் பார்த்த பிறகே பிஸ்டன்களைச் சந்தேகிக்க வேண்டும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு பேரிங்கும் எந்த இடத்தில், மேலா கீழா என்று குறித்து வரிசை மாறாமல் வைக்க வேண்டும். ராட்டின் கீழ்முனையை மூடும் கேப்கள் ஒன்றுக்கொன்று மாறவே கூடாது. தேய்மானத்தின் அமைப்புதான் காரணத்தைக் காட்டும் என்பதால் இதில் அவசரம் காட்டக் கூடாது. எல்லாப் பேரிங்குகளும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் ஆயில் பம்பு, அழுக்கு, டீசல் கலப்பு என்று பொதுக் காரணத்தைத் தேட வேண்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அதற்கான ஆயில் வழி அடைபட்டிருக்கலாம். மேல், கீழ்ப் பேரிங்குகளில் எதிரெதிர் ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கக்கூடும். ஒரு பிஸ்டனின் தலை மட்டும் உருகியிருந்தால், அதன் இன்ஜெக்டரையும் பிஸ்டனைக் குளிர்விக்கும் ஆயில் ஜெட்டையும் சோதிக்காமல் புதுப் பிஸ்டனைப் போடுவது வீண். கூலன்ட் நேரடியாகத் தொடும் சிலிண்டர் உறையான ஈர லைனரின் வெளிப்புறத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் இருந்தால், கூலன்ட்டின் பாதுகாப்பு ரசாயனம் குறைந்திருந்ததா என்று பார்க்க வேண்டும்.

கிராங்க் ஷாஃப்டில் பேரிங்குகள் அமரும் உருளைப் பகுதிகளான ஜர்னல்களை மைக்ரோமீட்டரால் இரு ஓரங்களிலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளந்து, தயாரிப்பாளர் கையேட்டின் அளவோடு ஒப்பிட வேண்டும். பேரிங் தன் இருக்கையிலேயே சுழன்றதால் சூடேறி நீலம் பாய்ந்த ராட்டைத் திரும்பப் போடக் கூடாது. கிரைண்டிங்குக்கு முன்பும் பின்பும் கிராங்க் ஷாஃப்டைக் காந்தத் துகள் முறையில் விரிசலுக்குச் சோதிப்பது அவசியம். லைனர் பிளாக்கின் மேல் எவ்வளவு துருத்தி நிற்கிறது என்பதை டயல் கேஜால் பல இடங்களில் பார்க்க வேண்டும். ஒரே ஹெட்டின் கீழுள்ள லைனர்களுக்கிடையே வேறுபாடு மிகுந்தால் புதுக் கேஸ்கட்டும் தாங்காது.

புதுப் பாகங்களைப் பழைய துகள்களே கெடுத்துவிடுவது நிறையவே நடக்கிறது. ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றிப் பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். ஆயில் கூலரின் இடுக்குகளில் தங்கும் உலோகம் எளிதில் வெளியேறாது என்பதால், செலவானாலும் அதை மாற்றிவிடுவதே நல்லது. கோணக் கணக்கில் முறுக்கப்படும் போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தலாமா என்பதைக் கையேட்டில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அழுத்தம் கொடுத்து ஆயிலை எல்லா வழிகளிலும் நிரப்ப வேண்டும். அதன்பின் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடாமல், கசிவு இல்லை என்று உறுதியானதும் மிதமான சுமையில் ஓட்டினால்தான் ரிங்குகள் லைனரில் சரியாகப் படியும்.