இரண்டு சிப்பிப்பாறையும் ஒரு பூனைக்குட்டியும்

எங்கள் வீட்டில் இரண்டு சிப்பிப்பாறை நாய்கள். முயல் வேட்டைக்குப் பழக்கிய இனம். எது ஓடினாலும் துரத்தும். அங்கே பூனைக்குட்டியைக் கொண்டுவந்தேன் பாருங்கள், என் புத்தி! முதல் நாளே அது பரணில் ஏறி, இரவுவரை இறங்கவில்லை.

அப்புறம் பூனையைத் தனி அறையில் விட்டேன். ஒன்றின் வாடை மற்றதற்குப் பழகட்டும் என்று, அது படுத்த துணியை நாய்களிடமும், நாய்களின் சாக்கைப் பூனையிடமும் மாற்றிப் போட்டேன். மூடிய கதவின் இருபுறமும் சோறு. மூன்றாம் வாரம்தான் கம்பிக்கதவு வழியாகப் பார்க்கவிட்டேன், ஒரு நேரத்தில் ஒரு நாய், அதுவும் கயிற்றில். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று கிளப்பிவிடும். நாய் பூனையை விட்டு என் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டு கோழிக்கறி.

இரண்டு மாதமாயிற்று. பெட்டை இப்போது பூனையைக் கண்டுகொள்வதே இல்லை. ஆண் நாய்க்குத்தான் பூனை ஓடினால் காது விறைக்கிறது. அதனால் நான் வெளியே போனால் பூனை இன்னும் அறைக்குள்தான்.