ஒரே பெயரில் நாலு பேர்: குழம்பாமல் அட்டை எழுதுவது எப்படி?

கடலுக்குப் போக டோக்கன் வாங்க நிற்கிற வரிசையில் "முனியசாமி" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள், நாலு தலையாவது திரும்பும். இங்கே ராமநாதபுரம் கடற்கரை முழுக்க இதே கதைதான். ராமேஸ்வரம் கோயிலை நினைத்து ராமநாதன், ராமலிங்கம். ஏர்வாடி தர்காவை நினைத்து இப்ராஹிம். ஓரியூரில் 1693-ல் கொல்லப்பட்ட அருளானந்தரை நினைத்து அருளானந்து. போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் வேறு. ஆனால் யாரும் குழம்புவதில்லை. "எந்த முனியசாமி, நண்டுவலையா, சின்னப்பாலத்து ஆளா?" அவ்வளவுதான், ஆள் கிடைத்துவிடுவார்.

அதே வேலையைப் பிரபலமானவர்களுக்குச் செய்வதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பள்ளி விழாவுக்கோ ஊர் நூலகத்துக்கோ 'ஒரே பெயர், வேறு வேறு துறை' என்று ஒரு சார்ட் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இது. தேவையானவை: உள்ளங்கை அளவு அட்டைகள் (பழைய கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கம் போதும்), பென்சில், ரப்பர். பேனாவை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

படி 1: பெயரைத் தேர்ந்தெடுங்கள்

முருகன், குமார் மாதிரி எடுத்தால் முடிவே இருக்காது. ரொம்ப அரிதான பெயர் என்றால் இரண்டு பேருக்கு மேல் தேறாது. நான் சந்திரசேகரை எடுக்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஒருமுறை சறுக்கி விழுந்திருக்கிறேன்.

படி 2: எல்லா எழுத்துமுறையையும் எழுதுங்கள்

சந்திரசேகர், சந்திரசேகரன், சந்திரசேகர, சந்திரசேகர் ராவ் என்று வருவதையெல்லாம் ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியில் 'சந்திர', 'சேகர்' என்று பிரித்து எழுதப்படுகிற முன்னாள் பிரதமரும் (1990 நவம்பர் முதல் 1991 ஜூன் வரை) தமிழ்ப் பத்திரிகையில் நம்ம ஊர்ச் சந்திரசேகராகவே வருவார். எல்லா எழுத்துமுறையையும் தேடினால்தான் ஆள் விடுபடாது.

படி 3: இனிஷியலை நம்பாதீர்கள், விரித்துப் பாருங்கள்

முக்கியமான படி இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். 'எஸ். சந்திரசேகர்' என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் கெட்டது. ஏனென்றால் அந்தப் பெயரில் பெரிய ஆட்களே மூன்று பேர்.

முதலாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-ல் லாகூரில் பிறந்தவர். 1930-ல், பத்தொன்பது வயதில், மேல்படிப்புக்காக இங்கிலாந்து போகிற கப்பலில் உட்கார்ந்தபடியே வெண்குறுமீன் என்கிற வகை நட்சத்திரம் எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்குப் போட்டவர். அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1983-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவரும் இவர்தான்.

இரண்டாமவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004). இவரும் இயற்பியல்தான், ஆனால் வானத்தைப் பார்த்தவரில்லை, பெங்களூரில் திரவப் படிகங்களை (திரவம்போல் ஓடினாலும் படிகம்போல் ஓரளவு ஒழுங்காக அடுங்கி நிற்கிற பொருள்களை) ஆராய்ந்தவர். தட்டு வடிவ மூலக்கூறுகள் தூண்தூணாக அடுக்கி நிற்கிற ஒரு வகைத் திரவப் படிகத்தை 1977-ல் இவரும் கூட இருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். கூத்து என்னவென்றால், இரண்டு பேருமே சர் சி. வி. ராமனுக்கு உறவு: ஒருவர் அண்ணன் மகன், இன்னொருவர் தங்கை மகன். அதனால் 'ராமன் குடும்பத்து இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர்' என்று எழுதினாலும் ஆள் பிரியாது!

மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர். மக்கள்தொகை ஆய்வாளர், 1967 முதல் 1970 வரை குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையை வைத்திருந்த மத்திய அமைச்சர்.

என் முதல் சார்ட்டில் திரவப் படிகத்தைத் தூக்கி நோபல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் அதன் முன்னால் வந்து நின்றார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நான் இனிஷியலை விரிக்காமல் எந்த அட்டையும் எழுதுவதில்லை.

படி 4: அது பெயரா, பட்டமா?

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாஸ்கர சேதுபதி, விஜய் சேதுபதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் உள்ளது ராமநாதபுரம் மன்னர்களின் பட்டம், சேதுவைக் காப்பவர் என்று பொருள். 1897-ல் பாம்பனில் வந்து இறங்கிய விவேகானந்தரை வரவேற்றவர் இந்தப் பாஸ்கர சேதுபதிதான். இரண்டாவது நடிகரின் பெயர். 'ஒரே பெயர்' என்று சேர்க்கலாம்தான், ஆனால் அட்டையில் 'பட்டம்' என்று ஒரு ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

ஆசாத்தும் அப்படித்தான். சந்திரசேகர ஆசாத்துக்கும் அபுல் கலாம் ஆசாத்துக்கும் அது குடும்பப் பெயர் இல்லை, சுதந்திரமானவன் என்று அவரவர் தாமே சூட்டிக்கொண்டது. அப்புறம் அந்த அபுல் கலாமையும் எங்கள் ராமேஸ்வரத்து அப்துல் கலாமையும் மாற்றி எழுதாத பிள்ளைகளே இல்லை. 1888-ல் மெக்காவில் பிறந்து நாட்டின் முதல் கல்வி அமைச்சரானவர் ஒருவர். 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்து ராக்கெட் வேலை பார்த்து 2002-ல் குடியரசுத் தலைவரானவர் இன்னொருவர். இருவருக்கும் பாரத ரத்னா உண்டு, எனவே அதை அடையாளமாகப் போட்டுப் பயனில்லை.

படி 5: அவர் மட்டுமே செய்த ஒன்று

ஒவ்வொரு அட்டையிலும் ஒரே ஒரு வரி. 'சிறந்த கிரிக்கெட் வீரர்' என்பது வரியே இல்லை. மைசூரில் பிறந்த பி. எஸ். சந்திரசேகருக்கு நான் எழுதியது இது: "போலியோவால் மெலிந்த வலக்கையால் சுழற்பந்து வீசி 58 டெஸ்டில் 242 விக்கெட் எடுத்தவர், மட்டை பிடித்து எடுத்த ரன்னோ 167தான்." எடுத்த ரன்னைவிட விக்கெட் அதிகம்! இதைப் படித்தவர் இவரை வேறு எந்தச் சந்திரசேகரோடும் குழப்பமாட்டார்.

படி 6: அடைமொழி வையுங்கள்

பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் தொழிலைப் போடுங்கள்: சந்திரசேகர் (வானியற்பியல்), சந்திரசேகர் (திரவப் படிகம்), சந்திரசேகர் (பந்துவீச்சு). தொழிலும் ஒட்டி வந்தால் வாசகர்கள் ஏற்கெனவே என்ன சொல்கிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். தமிழ்ப் புத்தக உலகில் எஸ். ராமகிருஷ்ணன் இருவர். நாவலாசிரியர் எஸ்.ரா. ஆகிவிட்டார், அகராதி கொண்டுவந்த பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் ஆகிவிட்டார். நண்டுவலை முனியசாமிக்கு நடந்ததுதான் இதுவும்.

படி 7: மூடிக் காட்டிச் சோதியுங்கள்

பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கீழே இருக்கிற வரியை மட்டும் வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். "இது அவரா, இவரா?" என்று கேட்டால் அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதுங்கள். என் அக்காவிடம் காட்டியபோது ஸ்ரீபதி அட்டையில்தான் தடுமாறினாள், 'அமைச்சர்' என்று மட்டும் போட்டிருந்தேன், அவள் பிரதமரைச் சொல்லிவிட்டாள். 'மக்கள்தொகை' சேர்த்தபின் சரியாகிவிட்டது. இனி பேனாவை எடுக்கலாம்.