உடல்நலக் கல்வி: பள்ளிகளில் நாம் தவிர்க்க வேண்டியவை

சென்னையில் பல பள்ளிகளில் உடல்நலக் கல்வி என்பது ஒரு நாள் கூட்டத்தோடு முடிந்துவிடுகிறது. டாக்டர் மைக்கில் பேசுவார், உறுதிமொழி எடுப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பேச்சு யாருக்குத் தேவையோ, அந்தப் பிள்ளை அன்றைக்கு லீவாக இருக்கும். வாரம் ஒரு பீரியட் ஒதுக்குவதே மேல். மாதவிடாய் பற்றிய வகுப்பில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பவும் வேண்டாம். அவர்களுக்கும் தெரிந்தால்தான் கேலி குறையும்.

10 முதல் 19 வயது வரை வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை காலை பிரேயர் முடிந்ததும் வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். அடுத்த வாரம் அது ஜன்னல் வழியே வெளியே போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகலாம், பயமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பையில் புகையிலை பாக்கெட் கிடைத்த பையனை எல்லார் முன்னாலும் நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பெயர் கெட்டபின் அவன் பள்ளிக்கே வர மாட்டான். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தெருமுனைக் கடையையும் கொஞ்சம் பாருங்கள்.

ஒரு மாணவி தயங்கித் தயங்கிப் பேச வரும்போது, “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிடுகிறோம். அன்பில் செய்வதுதான், ஆனாலும் தவறு. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி கட்டாயம். “உன் பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்பதே நேர்மையான பதில். உடனே பெற்றோருக்குப் போன் போடுவதும் ஆபத்தாகலாம், சிக்கலே வீட்டில் இருக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்கவும் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மனசு திறக்கத்தான் வழி கிடைக்கும். மனநல உதவிக்கு 14416 இருக்கிறது.

அப்புறம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதியதோடு வேலை முடியவில்லை. பெரும்பாக்கத்தில் தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது ஒரு நாள் சம்பளம். எந்த நாள் முடியும், கூட யார் போவது என்று பேசி முடிவு செய்யுங்கள். போனார்களா என்று அடுத்த வாரம் விசாரியுங்கள்.