சென்னையிலிருந்து பிசினஸ் கிளாஸில் பறப்பவர் எதை உண்பது, எதை அருந்துவது?

பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்குப் பல மடங்கு பணம் கொடுப்பவர், சாப்பாடும் அதே அளவுக்கு உயர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். பீங்கான் தட்டு, வெள்ளைத் துணி விரிப்பு, கண்ணாடிக் கோப்பை எல்லாம் உயர்ந்தே இருக்கும். ஆனால் தட்டில் வரும் உணவு, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் பொதுவான சில கட்டுப்பாடுகளை மீற முடியாது. அவற்றை அறிந்து தேர்ந்தெடுப்பவர் நன்றாகச் சாப்பிடுகிறார். மெனு அட்டையில் உள்ள பெயரழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஏமாறுகிறார்.

முதலில் பார்க்க வேண்டியது விமான நிறுவனத்தின் பெயரை அல்ல, சாப்பாடு எந்த ஊரில் ஏற்றப்படுகிறது என்பதை. விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. தரையில் உள்ள கேட்டரிங் கிச்சனில் பல மணி நேரத்துக்கு முன்பே சமைத்து, விரைவாக 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரவைத்து, வண்டிகளில் அடுக்கி ஏற்றிவிடுகிறார்கள். மேலே பணியாளர்கள் அதைச் சூடான காற்று சுழலும் அடுப்பில் சூடாக்கித் தட்டில் மாற்றுகிறார்கள். சென்னையில் தாஜ்சாட்ஸ், அம்பாசிடர்ஸ் ஸ்கை செஃப் போன்ற நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சமையல் வல்லுநர் குழுவில் சஞ்சீவ் கபூர் இடம்பெற்றிருந்தார் என்பது உண்மை; ஆயினும் அத்தகைய வல்லுநர்கள் வகுத்துத் தருவது செய்முறையைத்தான், கரண்டி பிடிப்பது அந்தந்த ஊர்க் கிச்சன்காரர்களே. ஆகவே சென்னையில் ஏற்றப்படும் இட்லியையும் பொங்கலையும் நம்பிக் கேட்கலாம். பிராங்பர்ட்டிலோ லண்டனிலோ ஏற்றப்படும் அதே இட்லியைப் பற்றி அந்த உறுதியைத் தர இயலாது. அங்கிருந்து திரும்பும்போது அந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த உணவைக் கேட்பதே புத்திசாலித்தனம். கொழும்பு போன்ற குறுகிய தடங்களில் போகவர இரண்டு வேளைக்கான உணவையும் விமான நிறுவனம் தன் தலைமை நிலையத்திலேயே ஏற்றிவிடும் வழக்கமும் உண்டு என்பதால், அங்கே இந்தக் கணக்கு மாறலாம்.

இதிலிருந்தே சிறப்பு உணவை முன்பதிவு செய்வதா வேண்டாமா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. சென்னையிலிருந்து புறப்படும் விமானங்களின் வழக்கமான மெனுவிலேயே பொதுவாக ஒரு நல்ல சைவ உணவு இருக்கும். சிறப்பு உணவு கேட்டால் பல நிறுவனங்களில் ஒவ்வொரு வகையாகப் பரிமாறும் முறை போய், எல்லாம் ஒரே டிரேயில் மொத்தமாக வந்து சேரும். எனவே போகும்போது மெனுவை இணையத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஐரோப்பாவிலிருந்து திரும்பும் சைவர்களோ, புரட்டாசியில் பயணம் செய்யும் அசைவக்காரர்களோ, தயங்காமல் முன்பதிவு செய்துவிட வேண்டும். அப்போது குறியீட்டில் கவனம் தேவை. இந்திய முறைச் சைவத்துக்கு ஏவிஎம்எல் என்பதே சரியான குறியீடு. சைவம் என்றுதானே போட்டிருக்கிறது என்று விஜிஎம்எல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாலும் தயிரும் நெய்யும் இல்லாத வீகன் உணவு வரும். தயிர் சாதத்துக்குப் பழகியவர் அதை முழுதாகச் சாப்பிட்டு முடிப்பது கடினம். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்களுக்கு விஜேஎம்எல் என்ற ஜைன உணவு பொருந்தும். பெரும்பாலான சிறப்பு உணவுகளுக்குப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கி அதன் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் பறக்கிறீர்கள் என்றால், உங்கள் கோரிக்கை அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதை விமானத்தை இயக்கும் நிறுவனத்திடமே உறுதிசெய்துகொள்வது அவசியம். கோரிக்கைகள் வழியில் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது நாக்கு. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். அதாவது ஏறத்தாழ ஊட்டியில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல. ஆனால் ஊட்டியின் ஈரம் அங்கே இல்லை. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுவதால் மூக்கு உலர்ந்து, மணத்தை உணரும் திறன் குறைகிறது. லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010-இல் விமான அறையின் சூழலைத் தரையிலேயே உருவாக்கிச் சோதித்தபோது, உப்பை உணர்வது 20 முதல் 30 விழுக்காடும், இனிப்பை உணர்வது 15 முதல் 20 விழுக்காடும் குறைவது தெரியவந்தது. புளிப்பு, கசப்பு, காரம் ஆகியவை ஏறத்தாழ அப்படியே இருந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்ஜின் இரைச்சல் இனிப்பை மழுக்கி, தக்காளி, காளான் போன்றவற்றில் உள்ள உமாமி என்ற சுவையைத் தூக்கிக் காட்டுகிறது. தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கள்கூட விமானத்தில் அதை விரும்பிக் கேட்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இந்தக் கண்டுபிடிப்புகள் நம் ஊர்ச் சமையலுக்குச் சாதகமானவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புளியும் தக்காளியும் மிளகும் மிளகாயும் சேர்ந்த ரசம், வற்றல் குழம்பு, புளியோதரை, செட்டிநாட்டு மிளகுக் கறி ஆகியவை மேலே போனாலும் தம் சுவையை இழப்பதில்லை. முந்திரி அரைத்த குருமாவும், வெண்ணெயும் க்ரீமும் ஊற்றிய ஐரோப்பிய சாஸும், மெல்லிய மணத்தை நம்பியிருக்கும் வேகவைத்த மீனும்தான் சப்பென்று போய்விடுகின்றன. மெனுவில் இரண்டும் இருந்தால் தயங்காமல் குழம்பின் பக்கம் சாய வேண்டும். தட்டோடு வரும் ஊறுகாய்ப் பொட்டலத்தைத் திறக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. சாப்பிடும்போது இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போனை அணிந்திருப்பதும் இனிப்பை உணரச் சிறிது உதவலாம்.

மறுபடி சூடாக்குவதைத் தாங்கும் உணவு எது என்பது வேறு கணக்கு. அடுப்பிலிருந்து வரும் தோசையை முள்கரண்டியால் வெட்டிப் பாருங்கள்: ஓரம் வறண்டு, நடுவில் தோல்போல இழுபடும். மெதுவடையின் மேல்தோல் மொறுமொறுப்பை இழந்து, உள்ளே எண்ணெயும் ஈரமுமாக நிற்கும். இட்லியும் பொங்கலும் உப்புமாவும் மூடிய பாத்திரத்தில் தம் ஆவியிலேயே சூடாவதால் தப்பித்துக்கொள்கின்றன. அசைவத்திலும் இதே விதிதான்: குழம்பில் ஊறிய ஆட்டுக்கறி நன்றாக இருக்கும், தனியாக வரும் ஸ்டேக்கும் கோழி நெஞ்சுக்கறியும் மேலும் வெந்து இறுகிவிடும். ஆம்லெட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வேண்டாம்.

சென்னையிலிருந்து புறப்படும் நெடுந்தூர விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகின்றன. அதிகாலை இரண்டு மணிக்கு நான்கு வகை விருந்து உண்பதில் பொருளில்லை. கொடுத்த காசுக்குச் சாப்பிட்டே தீர வேண்டும் என்று நினைப்பவர் தூக்கத்தையும் சேர்த்து இழக்கிறார். வீட்டிலேயே எட்டு மணிக்கு எளிதாகச் சாப்பிட்டுவிட்டு, ஏறியதும் உறங்கி, இறங்கும் முன் வரும் காலை உணவை முழுமையாக எடுத்துக்கொள்வதே நல்லது. கத்தார் ஏர்வேஸ் போல, விரும்பிய நேரத்தில் கேட்டுச் சாப்பிடும் முறை உள்ள நிறுவனமானால் இது இன்னும் எளிது. மேலே காற்றழுத்தம் குறைவதால் வயிற்றில் உள்ள வாயு கால் பங்குக்கும் மேல் விரிவடைகிறது. கொண்டைக்கடலை, ராஜ்மா, சோடா ஆகியவற்றைப் பயணத்துக்கு முந்தைய வேளையிலும் தவிர்க்கலாம்.

ஒயினுக்கு வருவோம். உள்நாட்டு விமானங்களில் எந்த வகுப்பிலும் மது பரிமாறப்படுவதில்லை. குவைத் ஏர்வேஸ், சவுதியா போன்ற நிறுவனங்களில் வெளிநாட்டுத் தடத்திலும் கிடையாது. பிற நிறுவனங்களிலும், இந்திய விமான நிலையத்தில் விமானம் நிற்கும்வரை பழச்சாறுதான் வருகிறது என்றால் அது கஞ்சத்தனம் அல்ல. வரி, சுங்க விதிகளால் பலர் தரையில் மதுப் புட்டியைத் திறப்பதில்லை. பறக்கத் தொடங்கிய பிறகு கேட்கலாம். எமிரேட்ஸ் நிறுவனம் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சொந்தக் கிடங்கு வைத்து ஒயினை ஆண்டுக்கணக்கில் முதிரவிடுகிறது. ஆனால் அப்படி முதிர்ந்தவற்றில் சிறந்தவை முதல் வகுப்புக்கே போகின்றன.

தேர்வில் மனத்தில் கொள்ள வேண்டியது துவர்ப்பு. மணம் மங்கும் இடத்தில் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் வெள்ளை ஒயினின் புளிப்பும் முன்னால் வந்து நிற்கின்றன. தரையில் பெருமைக்குரிய, பிரான்சின் போர்தோ பகுதியின் இளம் சிவப்பு ஒயின், மேலே நாக்கை வறட்டுகிறது. அதையே சாம்பாரோடு குடித்தால் காரமும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூண்டிவிடும். சிவப்பில் பழச்சுவை மிகுந்த ஆஸ்திரேலிய ஷிராஸ், துவர்ப்புக் குறைந்த பினோ நுவார், வெள்ளையில் காரமான உணவுக்குச் சற்றே இனிப்புள்ள ரீஸ்லிங் ஆகியவை பாதுகாப்பான தேர்வுகள். பெயர் தெரியவில்லை என்றால் புட்டியைக் காட்டச் சொல்லி லேபிளைப் பார்க்கலாம். ஒரு வாய் சுவைத்துவிட்டு வேறு கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, பிசினஸ் கிளாஸில் அது வழக்கம். அறிமுகமில்லாதவர் ஷாம்பெயினில் தொடங்குவது நல்லது: அதன் குமிழியும் புளிப்பும் மேலேயும் தாக்குப்பிடிக்கின்றன, முந்திரி வறுவலோடு நன்றாகச் சேர்கின்றன.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மது அருந்திவிட்டு விமான அறையின் அழுத்தத்தில் உறங்குவோருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மேலும் இறங்கி, இதயத் துடிப்பு கூடுவதாக ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தினர் 2024-இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் எழுதினர். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் உறங்கும் முன் குடிக்காமல் இருப்பதே சரி. மற்றவர்களும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கலாம்.

காபி, தேநீரில் அதிக எதிர்பார்ப்பு வேண்டாம். 8,000 அடிக்குச் சமமான அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் தேயிலையின் சாறு சரியாக இறங்குவதில்லை. டிகாக்‌ஷன் காபிக்கு மாற்றாக அங்கே எதுவும் இல்லை.

கடைசியாக, பிசினஸ் கிளாஸிலும் சாப்பாடு தீர்ந்துபோகும். ஒவ்வொரு உணவும் எண்ணித்தான் ஏற்றப்படுகிறது. நீங்கள் கடைசி வரிசையில் இருந்து, எல்லாரும் ஆட்டுக்கறிக் குழம்பையே கேட்டிருந்தால், உங்களுக்கு மிஞ்சுவது பாஸ்தாவாக இருக்கலாம். முதன்மை உணவை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் வசதி நிறுவனத்தின் செயலியில் இருந்தால், இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் அன்றே அதையும் முடித்துவிட வேண்டும்.