மிக்சி பாதியில் நின்றுவிட்டால்

தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்சி சட்டென நின்றுவிட்டால், மோட்டார் எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பிளக்கைக் கழற்றி, ஜாரை எடுத்துவிட்டு, மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் அடிப்பக்கம் இருக்கும் சிறு பொத்தான், சுமை மிகுந்து மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கும்போது தானாகவே வெளியே துருத்திக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். சற்று நேரம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்தினால் பெரும்பாலும் ஓடிவிடும். அடிக்கடி இப்படி நேர்ந்தால், ஜாரின் அடியில், மோட்டாரோடு இணையும் பல்லுள்ள பாகமான கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். அது இறுக்கமாகச் சுழன்றால் பழுது ஜாரின் புஷ்ஷில் (பிளேடின் தண்டு சுழலும் உலோகக் குழல்) இருக்கிறது, அதற்காக மோட்டாரைப் பிரிக்கவே கூடாது. மோட்டார் ஓடியும் பிளேடு சுழலவில்லையெனில் கப்ளரின் பற்கள் தேய்ந்திருக்கும். விலை குறைந்த உதிரிபாகம்தான், மாற்றிவிடலாம். மோட்டாரில் தீப்பொறி மிகுதியாகத் தெரிந்தால், அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ்களைச் சோதித்து, தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.