பாக்கெட்டைப் பிரிக்கும் முன் தண்ணீரை அளந்து வையுங்கள்

போன சித்திரையில் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பையனுக்கு ஒன்றரை வயது. காலையிலிருந்து ஐந்தாறு தடவை தண்ணீராகப் போயிருந்தது. பேதிக்குக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.ஸை அவள் கலக்கி வைத்திருந்தாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஒரே கரிப்பு. ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக ஒரு டம்ளரில் கொட்டியிருக்கிறாள்.

"திக்கா இருந்தா சீக்கிரம் கேட்கும்னு நினைச்சேன் பெரியம்மா" என்றாள்.

நல்லவேளை, பையன் இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவள் நான். மருந்தைவிட இந்தத் தண்ணீர் அளவுக்காகத்தான் அதிகம் கத்தியிருக்கிறேன்.

முதலில் பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று படியுங்கள். 200 மில்லிக்கும் உண்டு, ஒரு லிட்டருக்கும் உண்டு. லிட்டர் பாக்கெட் என்றால், காலி லிட்டர் பாட்டிலால் கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பாக்கெட் முழுவதையும் போட்டுக் கலக்குங்கள். பாதி இன்று, பாதி நாளை என்று பிரிக்க வேண்டாம். பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்கக் கூடாது. குடலில் குளுக்கோஸும் உப்பும் கைகோத்துதான் உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. சர்க்கரை மிஞ்சினால் குடல் தண்ணீரை வெளியே இழுத்துவிடும், போக்கு கூடும். சோடாவும் பாட்டில் ஜூஸும் ஆகாது என்பது இதனால்தான்.

ராத்திரி மெடிக்கல் பூட்டியிருந்தால்? ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலை தட்டிய அளவு. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

கொடுப்பது பாலாடையிலோ ஸ்பூனிலோ. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், இட்லி, தயிர் சாதம் சாப்பிடும் பிள்ளையின் வயிற்றைக் காயப் போடாதீர்கள். டாக்டர் எழுதும் ஜிங்க் மாத்திரையை, போக்கு நின்றாலும் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. "குடுத்தும் நிக்கலையே" என்று பாதியில் விடுகிறவர்கள் நிறைய. அது உயிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, மேற்கு வங்கத்தில் உள்ள பொன்கானில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணீரைத்தான் கொடுக்க வைத்தார். முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. அங்கே பலருக்கு ஊற்றிக் கொடுத்தது சொந்தக்காரர்கள்தான்.

மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது: இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் முதல் நாளே ஆஸ்பத்திரி.

அன்று புதிதாகக் கலக்கி, மடியில் வைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். நான்கு மணி வாக்கில் பையன் என் புடவையை நனைத்தான். துடைக்கத் துணி எடுக்க ஓடினாள் தங்கை மகள். "அது கிடக்கட்டும், அடுத்த ஸ்பூனை எடு" என்றேன்.